சலமன்கா: எண்ணூறு வருடப் பல்கலைக்கழகத்தில் மேடை யாருடையது?

கேள்வி இதுதான்: "ஸ்பெயினில் உள்ள சலமன்கா பல்கலைக்கழகம் 1218ல் தொடங்கி இன்றுவரை நடக்கிறது என்கிறார்கள். அது இன்னமும் பல்கலைக்கழகம்தானா, இல்லை டிக்கெட் வாங்கிப் பார்க்கிற அருங்காட்சியகமா? அங்கே போய்ப் படிப்பதில் அர்த்தம் இருக்கிறதா?"

இரண்டும்தான். பழைய கட்டடத்துக்கு டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போக முடியும். அதிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால், புதிய கதீட்ரலுக்கு எதிரே இருக்கும் அனாயா மாளிகையில் மொழியியல் மாணவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். நான் ஸ்பானிய மொழி கற்றுக்கொள்ளப் போய் ஒரு குளிர்காலமும் ஒரு வசந்தமும் அந்த ஊரில் இருந்தேன். அதற்கப்புறம் அதைப் பற்றிப் படிப்பதை விடவே இல்லை. அதனால் பதில் நீளமாகத்தான் வரும்.

முதலில் அந்த 1218. அப்போது ஸ்பெயின் என்று ஒரே நாடு கிடையாது. லெயோன் ஒரு அரசு, பக்கத்தில் காஸ்தில் வேறு அரசு. காஸ்தில் மன்னர் பலென்சியாவில் ஏற்கெனவே ஒரு கல்விக்கூடத்தைத் தொடங்கியிருந்தார். லெயோன் மன்னர் ஒன்பதாம் அல்ஃபோன்சோ தன் பக்கத்துக்கும் ஒன்று வேண்டும் என்று சலமன்காவில் தொடங்கினார். பலென்சியா சில பத்தாண்டுகளில் மங்கி மறைந்துவிட்டது, இது நின்றது. நின்றதற்கு முக்கியக் காரணம் பணம். 1254ல் பத்தாம் அல்ஃபோன்சோ ஒரு சாசனம் கொடுத்து, எந்தப் பாடத்துக்கு எத்தனை ஆசிரியர், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு சம்பளம் என்று எழுதிவைத்தார். சட்டம், திருச்சபைச் சட்டம், மருத்துவம், தர்க்கம், இலக்கணம் எல்லாம் எதிர்பார்க்கக் கூடியவை. அவற்றோடு இசைக்கும் ஒரு ஆசிரியர் பதவி இருந்தது. மாணவர்கள் படி எடுத்துக்கொள்வதற்காக நூல்களின் திருத்தமான பிரதிகளை வைத்துக் காக்க ஒருவருக்குத் தனிச் சம்பளமும் உண்டு. அடுத்த வருடமே போப் நான்காம் அலெக்சாண்டர், இங்கே பட்டம் பெற்றவர் எங்கேயும் கற்பிக்கலாம் என்று அங்கீகாரம் கொடுத்தார். பாரிஸும் இத்தாலியின் பொலோனியாவும் மட்டும் விலக்கு, அந்தத் தடையும் பிற்பாடு நீங்கியது.

"உலகின் மிகப் பழைய பல்கலைக்கழகம்" என்று சிலர் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள், அது தவறு. பொலோனியாவும் ஆக்ஸ்ஃபோர்டும் இதைவிட மூத்தவை. ஸ்பெயினில் இன்று இயங்குபவற்றில் இதுதான் மூத்தது. இன்னொரு குழப்பமும் உண்டு. அதே ஊரில் "சலமன்கா பொன்டிஃபிகல் பல்கலைக்கழகம்" என்று ஒன்று இருக்கிறது, அது 1940ல் உருவான தனியார் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். விண்ணப்பிக்கும்போது எது எது என்று கவனித்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் பல்கலைக்கழகத்துக்கென்று கட்டடமே இல்லை, பழைய கதீட்ரலின் தாழ்வாரங்களில்தான் பாடம் நடந்தது. அங்கே சாந்தா பார்பரா என்று ஒரு சின்னத் தேவாலய அறை இருக்கிறது, நடுவில் ஒரு பிஷப்பின் கல்லறை. பட்டத் தேர்வு எழுதப்போகிறவரை முந்தைய இரவு அந்த அறையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். கல்லறையில் படுத்திருக்கும் சிலையின் பாதத்தில் தன் பாதத்தை வைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்து இரவெல்லாம் படிப்பாராம், காலையில் ஆசிரியர்கள் சுற்றி உட்கார்ந்து கேள்வி கேட்பார்களாம். தேறினால் பெரிய வாசல் வழியாக, மேளதாளத்தோடு. தேறாவிட்டால் வண்டிகள் போகும் பக்கவாசல் வழியாக, யார் கண்ணிலும் படாமல். அந்த அறையை இன்றைக்கும் பார்க்கலாம். சிலையின் பாதம் தேய்ந்து போயிருக்கிறது.

தேறி டாக்டர் பட்டம் வாங்கியவர் ஊருக்கே செலவு செய்ய வேண்டும். விருந்து, காளைச் சண்டை எல்லாம் அவர் கணக்கு. அந்தக் காளையின் ரத்தத்தையும் செம்மண்ணையும் கலந்து சுவரில் அவர் பெயரையும் "வீத்தோர்" என்ற வெற்றிச் சின்னத்தையும் எழுதுவார்கள். சலமன்கா சுவர்களில் செந்நிறத்தில் இருக்கும் எழுத்துகளெல்லாம் இவைதான். இன்றைக்கும் புதிதாக எழுதுகிறார்கள், இப்போது சாயம்தான், ரத்தம் இல்லை. 1939ல் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி இந்தச் சின்னத்தைத் தன் உள்நாட்டுப் போர் வெற்றிச் சின்னமாக எடுத்துக்கொண்டது. இது தெரியாமல் அதைப் பார்த்துவிட்டு இது பாசிசச் சின்னம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகம் அதைப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே எழுதிக்கொண்டிருந்தது.

இனி எனக்கு இந்தப் பல்கலைக்கழகத்தில் மிகவும் பிடித்த விஷயம். "எண்ணூறு வருடம்" என்றால் நேர்க்கோடு போல் தோன்றும், ஆனால் அந்த மேடையில் ஏறிப் பாடம் சொல்வது யார், அதை முடிவு செய்வது யார் என்ற சண்டைதான் இதன் முழு வரலாறும். பழைய நாட்களில் ரெக்டராக, அதாவது பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர் ஒரு மாணவர். ஒரு ஆசிரியர் பதவி காலியானால் போட்டியிடுகிறவர்கள் எல்லோர் முன்னாலும் பாடம் நடத்திக் காட்டுவார்கள், ஒருவரை ஒருவர் மறுத்து வாதிடுவார்கள், பிறகு மாணவர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஓட்டுக்கு லஞ்சம், விருந்து, ஊர்க்காரன் என்ற பிடிப்பு, கைகலப்பு எல்லாமே இருந்தன. ஆனாலும் 16ம் நூற்றாண்டில் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த ஆசிரியர்கள் பலர் இந்தப் போட்டியில் வென்று வந்தவர்கள்தான். அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அங்கே ஒரே ஆண்டில் பதிவு செய்த மாணவர்கள் 6,000ஐத் தாண்டினார்கள். அந்தக் காலத்து ஐரோப்பாவில் அது மிகப் பெரிய எண்ணிக்கை.

பிரான்சிஸ்கோ தெ விட்டோரியா அப்படி வந்தவர். தொமினிக்கன் சபைத் துறவி, 1526ல் இறையியலின் தலைமைப் பதவியை வென்று, 1546ல் சாகும்வரை அதில் இருந்தார். 1539ல் அவர் கொடுத்த ஒரு உரைதான் இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் பேசப்படுகிறது. அமெரிக்காவின் பூர்வகுடிகள் தங்கள் நிலத்துக்கு உண்மையான உரிமையாளர்கள், பேரரசர் உலகம் முழுவதற்கும் அதிபதி அல்ல, போப்பும் அல்ல, ஒரு மக்கள் கிறிஸ்துவத்தை ஏற்க மறுத்தார்கள் என்பதற்காக அவர்கள் மேல் போர் தொடுக்க முடியாது என்று வரிசையாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தது பேரரசர் ஐந்தாம் சார்லஸின் நாடு, அவருக்கு வெள்ளி வந்துகொண்டிருந்தது அதே அமெரிக்காவிலிருந்துதான். அந்த வருடம் நவம்பரிலேயே, இந்த விஷயங்களை உரைகளில் எடுக்கவே கூடாது என்று விட்டோரியாவின் மடத்துத் தலைவருக்குப் பேரரசர் கடிதம் எழுதினார்.

விட்டோரியாவைப் புனிதர் ஆக்கிவிடவும் வேண்டாம். அதே உரையின் பின்பாதியில், வணிகம் செய்யவும் பயணம் போகவும் சமயம் பரப்பவும் ஸ்பானியர்களுக்கு உரிமை உண்டு, அதைத் தடுத்தால் போர் நியாயமாகலாம் என்றும் சொல்கிறார். அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு ஆக்கிரமிப்பை நியாயப்படுத்தியவர்கள் நிறையப் பேர். ஆனால் ஒரு பேரரசு கொழித்துக்கொண்டிருக்கும்போதே அதன் பல்கலைக்கழகத்தில் ஒருவர் நின்று "நமக்கு இந்த உரிமை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார் என்பது சின்ன விஷயம் இல்லை. அவர் உயிரோடிருந்தவரை இந்த உரைகள் அச்சாகவே இல்லை. வகுப்பில் மாணவர்கள் எழுதிக்கொள்ளும்படி நிதானமாகச் சொல்லிக்கொடுப்பது அவர் வழக்கம். அப்படித் தங்கிய குறிப்புகளிலிருந்துதான் 1557ல், அவர் இறந்து பதினோரு வருடம் கழித்து, பிரான்சின் லியோன் நகரில் புத்தகமாக வந்தது.

அவரைச் சுற்றி வளர்ந்த கூட்டத்தைத்தான் "சலமன்கா மரபு" என்கிறார்கள். அதில் மார்த்தின் தெ அஸ்பில்குயேத்தா என்பவர் 1556ல் எழுதியது பொருளாதாரம் படித்தவர்களுக்குப் பிடிக்கும்: பணம் எங்கே அரிதோ அங்கே அதற்கு மதிப்பு அதிகம், எங்கே ஏராளமோ அங்கே குறைவு. அமெரிக்க வெள்ளி வந்து குவிந்து விலைவாசி ஏறிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்துச் சொன்னது இது. தொமிங்கோ தெ சோத்தோ, விழும் பொருளின் வேகம் சீராகக் கூடிக்கொண்டே போகும் என்று கலிலியோ பிறப்பதற்கு முன்பே எழுதினார். 1561ம் வருடத்து விதிகளில், மாணவர்கள் விரும்பினால் வானியல் வகுப்பில் கோபர்நிக்கஸைப் பாடமாக வைக்கலாம் என்று இருக்கிறது. அதே கோபர்நிக்கஸை ரோம் தடை செய்தது 1616ல்.

வானியல் என்றதும் ஒரு சின்ன விலகல், ஏனென்றால் இதில் நம் கடற்கரையும் வருகிறது. ஆபிரகாம் சக்கூட்டோ என்ற யூத வானியலாளர் 1470களில் சலமன்காவில் இருந்து கிரக அட்டவணைகளை ஹீப்ருவில் எழுதினார். 1481ல் அதைக் காஸ்தில் மொழிக்குக் கொண்டுவந்தவர் பல்கலைக்கழகத்தின் வானியல் ஆசிரியர் ஹுவான் தெ சலாயா. 1492ல் யூதர்களை ஸ்பெயினிலிருந்து துரத்தியபோது சக்கூட்டோ போர்த்துகலுக்குப் போனார். 1498ல் கோழிக்கோட்டில் வந்து இறங்கிய வாஸ்கோ ட காமாவின் பயணத்துக்கு அவருடைய அட்டவணைகள்தான் துணை. அந்தக் காலத்துப் பழைய நூலகத்தின் கூரையில் ஃபெர்னாந்தோ கயேகோ வரைந்த நட்சத்திர மண்டல ஓவியத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் தப்பியிருக்கிறது. "சலமன்காவின் வானம்" என்று அதற்குப் பெயர். இருட்டு அறை, கண் பழக இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அவசரப்பட்டு வெளியே வந்துவிடாதீர்கள்.

சரி, மேடைக்குத் திரும்புவோம். ஃப்ராய் லூயிஸ் தெ லெயோன் அகஸ்டீனியத் துறவி, நல்ல கவிஞர், ஹீப்ரு தெரிந்தவர். பைபிளில் லத்தீன் மொழிபெயர்ப்பைவிட ஹீப்ரு மூலத்தைப் பார்க்க வேண்டும் என்றார், உன்னதப் பாட்டை ஸ்பானிய மொழியில் பெயர்த்தார், அவர் முன்னோர்களில் மதம் மாறிய யூதர்கள் இருந்தார்கள். இந்த மூன்றில் ஒன்று போதும் அன்றைக்குச் சிக்கிக்கொள்ள. போட்டித் தேர்தல்களில் அவரிடம் தோற்ற தொமினிக்கன்களின் பகையும் சேர்ந்துகொண்டது. 1572 மார்ச்சில் இன்குவிசிஷன் என்ற கத்தோலிக்க மத விசாரணை மன்றம் அவரைப் பிடித்து வயதோலித் நகரில் அடைத்தது. 1576 டிசம்பரில்தான் வெளியே வந்தார். அதே வழக்கில் பிடிபட்ட சக ஆசிரியர் காஸ்பர் தெ கிராஹால் சிறையிலேயே செத்துப்போனார்.

திரும்பி வந்த லூயிஸ் வகுப்பில் ஏறி "நேற்று நாம் சொல்லிக்கொண்டிருந்தது போல..." என்று தொடங்கினார் என்பது ஸ்பெயினில் குழந்தைக்கும் தெரிந்த கதை. அவர் காலத்தில் யாரும் இதை எழுதிவைக்கவில்லை, பல பத்தாண்டுகள் கழித்துத்தான் எழுத்தில் தென்படுகிறது. அவருடைய பழைய பதவியும் அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது, புதிதாக ஒன்று கொடுத்தார்கள். ஆகவே விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார் என்பது நடந்திருக்க வாய்ப்புக் குறைவு. ஆனாலும் அந்த வகுப்பறையை நான் மூன்று முறை போய்ப் பார்த்தேன். வெறும் மரக்கட்டைகளை அப்படியே வெட்டிப் போட்ட பெஞ்சுகள், வருடக்கணக்காக மாணவர்கள் கத்தியால் செதுக்கிய பெயர்கள், ஆசிரியருக்கு உயரத்தில் கூண்டு மாதிரி ஒரு மேடை. கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர், ஜனவரியில் கல் சுவரிலிருந்து குளிர் எலும்புக்குள் இறங்கும். அந்தக் குளிரில் அந்தக் கட்டையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள் என்பதே எனக்குக் கதையைவிடப் பெரிதாக இருந்தது.

பெண்கள்? 1508 வாக்கில் லூசியா தெ மெத்ரானோ என்ற பெண் அங்கே பாடம் சொன்னதைக் கேட்டதாக அந்தக் கால அறிஞர் லூசியோ மரினேயோ சிகுலோ எழுதியிருக்கிறார். பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அதற்கப்புறம் நானூறு வருடம் கதவு சாத்தித்தான் இருந்தது. ஸ்பெயினில் பெண்கள் தனி அனுமதி கேட்காமல் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்ற ஆணை வந்ததே 1910ல். இன்றைக்கு சலமன்காவில் மாணவர்களில் பெண்கள்தான் அதிகம்.

வீழ்ச்சி எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் பெருமையை மட்டும் சொல்வது சரியாகாது. ஏழை மாணவர்களுக்காக என்று தொடங்கிய பெரிய விடுதிக் கல்லூரிகள் (முதலாவது சான் பர்த்தலோமே, 1401) மெல்ல மெல்லப் பிரபுக் குடும்பங்களின் கைக்குப் போயின. 17ம் நூற்றாண்டின் முதல் பாதியில் மாணவர் ஓட்டு ஒழிக்கப்பட்டு, ஆசிரியர்களை நியமிக்கும் அதிகாரம் மாட்ரிடில் மன்னரின் ஆலோசனைக் குழுவுக்குப் போனது. அந்தக் குழுவில் இருந்தவர்கள் யார் என்றால் அதே விடுதிக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள். லஞ்சத்தை ஒழிக்கிறோம் என்று ஓட்டை ஒழித்தார்கள், பதவிகள் ஒரு வட்டத்துக்குள்ளேயே சுற்ற ஆரம்பித்தன. என் கணிப்பில் சலமன்காவை மங்கவைத்ததில் இன்குவிசிஷனுக்கு இணையான பங்கு இதற்கு உண்டு.

அப்புறம் நெப்போலியன் போர். பிரெஞ்சுப் படை ஊரின் மேற்குப் பகுதியில் கோட்டை அமைப்பதற்காகக் கல்லூரிகளையும் மடங்களையும் இடித்துத் தள்ளியது. 1812 ஜூலை 22ல் ஊருக்கு வெளியே அரப்பிலெஸ் குன்றுகளில் நடந்த சண்டையில் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் ஜெயித்தார், ஆனால் இடிந்தது இடிந்ததுதான். பல்கலைக்கழகத்தின் வருமானம் நூற்றாண்டுகளாகத் தேவாலயத் தசமபாகத்தின் ஒரு பங்கிலிருந்து, அதாவது விவசாயிகளின் தானியத்திலிருந்து வந்தது. 19ம் நூற்றாண்டின் முதல் பாதியில் தசமபாகமே ஒழிக்கப்பட, கையில் ஒன்றும் இல்லை. 1857ல் வந்த மொயானோ சட்டம் டாக்டர் பட்டம் கொடுக்கும் உரிமையை மாட்ரிடுக்கு மட்டும் வைத்தது. லிமாவிலும் மெக்சிகோவிலும் 1551ல் தொடங்கிய பல்கலைக்கழகங்களுக்கு முன்மாதிரியாக இருந்த சலமன்காவால் ஒரு டாக்டரை உருவாக்க முடியாது என்ற நிலை! மருத்துவத்தையும் அறிவியலையும் அரசு கைவிட்டபோது, ஊர் நகராட்சியும் மாகாண நிர்வாகமும் சேர்ந்து தங்கள் பணத்தில் அந்தத் துறைகளை நடத்தின. மன்னர்களின் சாசனங்களைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். இந்தப் பல்கலைக்கழகம் இன்றைக்கு இருப்பதற்கு அந்தச் சிறிய ஊர் வரிப்பணத்தைக் கொட்டியது முக்கியமான காரணம் என்பதை அதிகம் பேர் எழுதுவதில்லை.

உனாமுனோவைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். மிகேல் தெ உனாமுனோ எழுத்தாளர், வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதிக்காரர், 1891ல் கிரேக்க ஆசிரியராக வந்தார், 1900ல் ரெக்டர். 1914ல் பதவி பறிபோனது. 1924ல் சர்வாதிகாரி ப்ரீமோ தெ ரிவேரா அவரை ஃபுயெர்தெவெந்தூரா தீவுக்கு நாடு கடத்தினார். அங்கிருந்து பிரான்சுக்குப் போய் 1930ல்தான் திரும்பினார். 1931ல் குடியரசு வந்ததும் மறுபடி ரெக்டர். 1936 ஜூலையில் குடியரசுக்கு எதிராக ஃபிராங்கோ முதலான ஜெனரல்களின் ராணுவக் கிளர்ச்சி நடந்தபோது அவர் முதலில் அதை ஆதரித்தார், இதை மறைக்கக் கூடாது. அதற்காகக் குடியரசு அரசு அவரைப் பதவி நீக்கியது, கிளர்ச்சிக்காரர்கள் திரும்பவும் அமர்த்தினார்கள். ஆனால் அவர் கண்ணெதிரே நண்பர்கள் மறைய ஆரம்பித்தார்கள். ஊர் மேயரும் மருத்துவ ஆசிரியருமான காஸ்தோ பிரியேத்தோ கராஸ்கோவைச் சுட்டுக் கொன்றார்கள். ப்ராட்டஸ்டன்ட் போதகர் அத்திலானோ கோக்கோவைச் சிறையில் போட்டார்கள். கணவரைக் காப்பாற்றச் சொல்லி அவர் மனைவி உனாமுனோவுக்குக் கடிதம் எழுதினார்.

அக்டோபர் 12, பல்கலைக்கழகப் பெரிய மண்டபத்தில் விழா. மேடையில் பிஷப், ஃபிராங்கோவின் மனைவி, ஜெனரல் மியான் அஸ்த்ராய். பேச்சாளர்கள் பாஸ்க்குகளையும் கத்தலோனியர்களையும் வசைபாடிக்கொண்டிருக்க, உனாமுனோ அந்தப் போதகர் மனைவியின் கடிதத்தின் பின்பக்கத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து பேசினார். "நீங்கள் ஜெயிப்பீர்கள், ஆனால் யாரையும் உங்கள் பக்கம் இசையவைக்க மாட்டீர்கள்" என்று அவர் சொன்னதாகப் புழங்கும் அந்த முழு உரை, 1941ல் லண்டன் இதழ் ஒன்றில் லூயிஸ் போர்தியோ எழுதியது. சலமன்காவில் சட்டம் கற்பித்துவிட்டு நாடு கடந்தவர் அவர், அன்றைக்கு மண்டபத்தில் இல்லை. ஆகவே அந்த நீண்ட வசனத்தை அப்படியே உனாமுனோவின் வாயில் வைக்கக் கூடாது. ஆனால் அந்தக் கடிதத்தின் பின்பக்கம் இருக்கிறது. அதில் ஜெயிப்பது, இசையவைப்பது என்ற இரண்டு சொற்களும் அவர் கையெழுத்திலேயே இருக்கின்றன. ஜெனரல் கத்தினார், கூச்சல் எழுந்தது, ஃபிராங்கோவின் மனைவியின் கையைப் பிடித்தபடிதான் உனாமுனோவால் வெளியே வர முடிந்தது. அதே மாதம் பதவி மறுபடி போனது. டிசம்பரில் கோக்கோவைக் கொன்றார்கள். டிசம்பர் 31ம் தேதி உனாமுனோ தன் வீட்டில் இறந்தார். ஒரே வருடத்தில் இரண்டு தரப்பாலும் பதவி நீக்கப்பட்ட ரெக்டர் வேறு எங்கும் உண்டா என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும்.

இப்போதைய வாழ்க்கைக்கு வருகிறேன். ஏறக்குறைய 30,000 மாணவர்கள், ஊர் மக்கள்தொகையோ சுமார் 1,44,000. அதனால் ஊரின் தாளமே பல்கலைக்கழகத்தின் தாளம்தான், ஆகஸ்டில் போனால் பாதி ஊர் தூங்கும். சட்டம், பொருளாதாரம், மருத்துவம் எல்லாம் பழைய ஊருக்கு வெளியே உனாமுனோ வளாகத்தில் இருக்கின்றன. அவிலா, சமோரா, பெஹார் ஊர்களிலும் கிளைகள் உண்டு. புற்றுநோய் ஆய்வு மையமும், பக்கத்து வியாமயோர் ஊரில் இருக்கும் லேசர் மையமும் உலகத் தரம். பழைய கட்டடங்களுக்கெல்லாம் பொன்னிறம் கொடுக்கும் கல்லும் அதே வியாமயோரிலிருந்து வெட்டி எடுத்ததுதான். வெளிநாட்டவருக்கான ஸ்பானிய வகுப்புகள் 1929லேயே தொடங்கிவிட்டன. இன்றைக்கு ஊர் பிழைப்பில் அதற்குப் பெரிய பங்கு.

மாணவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு ஃப்ளாட் எடுத்துத் தங்குவார்கள். வான் டைக் தெருவில் ஒரு பானத்தோடு ஒரு சின்னத் தட்டு உணவு, அதுவே இரவுச் சாப்பாடு. பன்றிக் கன்னத்தைப் பொரித்துத் தருவதுதான் அங்கே பிரபலம், சைவக்காரர்கள் முட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட அடையைச் சொல்லிக்கொள்ளலாம். டிசம்பர் நடுவில் ஒரு வியாழக்கிழமை இரவு, விடுமுறைக்கு ஊருக்குப் போவதற்கு முன்னால், பிளாசா மயோர் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடிப் போலிப் புத்தாண்டு கொண்டாடுவார்கள். பன்னிரண்டு மணி அடிக்கும்போது திராட்சைக்குப் பதில் மிட்டாய். 1999ல் தொடங்கிய வழக்கம் இது. ஈஸ்டர் முடிந்து அடுத்த வாரத் திங்கட்கிழமை எல்லோரும் தோர்மெஸ் ஆற்றங்கரையில் உட்கார்ந்து இறைச்சி அடைத்த ஓர்னாசோ ரொட்டி சாப்பிடுவார்கள், அது பழைய வழக்கம். பழைய கட்டடத்தின் முகப்பில் மண்டையோட்டின் மேல் செதுக்கியிருக்கும் தவளையை உதவியில்லாமல் கண்டுபிடித்தால் தேர்வில் தேறலாம் என்ற நம்பிக்கையும் நடக்கிறது. கையில் போனோடு எல்லோரும் அந்த ஒரு இடத்தையே காட்டிக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் அதைப் பார்த்ததும் கொஞ்சம் கீழே வந்து, கத்தோலிக்க மன்னர் தம்பதி ஃபெர்டினாண்ட், இசபெல்லாவின் உருவத்தைச் சுற்றியிருக்கும் கிரேக்க எழுத்தையும் பாருங்கள்: மன்னர்கள் கல்விக்கு, கல்வி மன்னர்களுக்கு. இந்தப் பல்கலைக்கழகத்தின் பாதிச் சண்டை அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

குறைகளும் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில் ஊர் மக்கள்தொகை 1,60,000க்கு மேல் இருந்தது. படித்து முடித்தவர்கள் மாட்ரிடுக்குப் போய்விடுகிறார்கள், அங்கேயே வேலை கிடைப்பது கடினம். அப்புறம் தேர்தல். இன்றைக்கு ரெக்டரை ஆசிரியர்கள், ஊழியர்கள், மாணவர்கள் எல்லோரும் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆசிரியர்களின் ஓட்டுக்கு எடை அதிகம். 2024ல் ஒரே ஒரு வேட்பாளர்தான் நின்றார். தன் ஆய்வுகளுக்கு மேற்கோள்களைச் செயற்கையாகப் பெருக்கிக்கொண்டார் என்று அவர் மேல் பத்திரிகைகளில் பெரிய குற்றச்சாட்டு எழுந்தது. அவர் அதை மறுத்தார், ஜெயிக்கவும் செய்தார். மாணவர்களில் மிகச் சிறிய பங்கினரே அன்றைக்கு ஓட்டுப்போட்டார்கள். குற்றச்சாட்டைவிட இதுதான் எனக்கு வலித்தது, எந்த மாணவர்களின் ஓட்டுக்காக அங்கே ஒரு காலத்தில் தெருச்சண்டை நடந்ததோ அந்த இடத்தில்.

கடைசியாக, படிப்பதில் அர்த்தம் இருக்கிறதா என்ற கேள்விக்கு. ஸ்பானிய மொழி, இலக்கியம், மொழிபெயர்ப்பு, சட்டம், வரலாறு என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஆம் என்பேன். மொழிபெயர்ப்புத் துறைக்கு நாடு முழுவதும் பெயர் உண்டு. உயிரியல், மருத்துவ ஆய்வு என்றால் எந்த ஆய்வுக்கூடம், யார் வழிகாட்டி என்று பார்த்து முடிவு செய்யுங்கள், 1218 என்ற எண்ணைப் பார்த்து அல்ல. இளநிலைப் படிப்பு பெரும்பாலும் நான்கு வருடம், 240 கிரெடிட், பத்துக்கு ஐந்து வாங்கினால் தேர்ச்சி. அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் கட்டணத்தை மாநில அரசு நிர்ணயிக்கும், தனியாரோடு ஒப்பிட்டால் வெகு குறைவு. பாடங்கள் பெரும்பாலும் ஸ்பானிய மொழியில்தான் நடக்கும், ஆங்கிலத்தை வைத்து ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வகுப்புகள் செப்டம்பரில் தொடங்கும். அதற்கு ஒன்றரை வருடம் முன்பே மொழியை ஆரம்பித்துவிடுங்கள், ஒரு நல்ல கம்பளிக் கோட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.